காத்தைப் பாத்துக்கொள்ளும்

முதுகில் கத்தி வைக்க ஆஸ்பத்திரிக்குப் போகிற மனிதர், காரில் ஏறி இடுப்புப் பட்டியைப் பூட்டிக்கொண்டதும், தனக்கு ஏதும் ஆகிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தையாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். என் கணவர் பின்வளவுப் பக்கம் கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோழியளுக்குக் காத்தைப் பாத்துக்கொள்ளும்" என்றார்.

"ஓம், நான் பாக்கிறன். நீங்கள் உங்கட முதுகைப் பாருங்கோ" என்றேன்.

அந்தச் சின்னப் பேச்சை நான் பிழையாக விளங்கிக்கொண்டேன். அதனால் ஒரு கோழி செத்தது. ஒரு கோழி செத்தது பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். எங்கள் வீட்டில் அது பெரிய விஷயம். ஏனென்று சொல்கிறேன்.

அவர் ஒக்லாந்தின் ஹென்டர்சன் பகுதியில், ஒரு பண்டகசாலையில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். ஒருநாள் முதுகு பிடித்துக்கொண்டது. ஒரு வாரத்தில் சரியாகும் என்றார்கள், பிறகு ஒரு மாதம் என்றார்கள், பிறகு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. வேலைக்குப் போகாத மனிதர் மெல்ல மெல்லக் கதைக்காத மனிதரானார். பிளாக்ஹவுஸ் பேயில் நாங்கள் இருக்கும் அந்தப் பழைய மரவீட்டின் படுக்கையறையில், ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பார். முதியோர் இல்லத்தில் வேலை முடித்து நான் வரும்போது, விட்டுப்போன அதே பக்கம்தான் முகம் இருக்கும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கெஞ்சினேன், ஏசினேன், பகிடி விட்டேன். "சுவரில என்ன படம் ஓடுது, எனக்கும் சொல்லுங்கோவன்" என்று கேட்டேன். சிரிக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே போனது. எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண்மணி, வீட்டை விற்றுவிட்டுச் சின்னதொரு ஃபிளாட்டுக்குப் போவதாகவும், தன்னுடைய நாலு மண்ணிறக் கோழிகளையும் கூட்டோடு எங்களுக்குத் தருவதாகவும் சொன்னார். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல எனக்கு வராது. வாங்கிக்கொண்டேன். முட்டையிடும் பருவம் பாதி முடிந்த கோழிகள். மறுநாள் காலை நான் குளித்துக்கொண்டிருந்தபோது அவை கூட்டுக்குள் நின்று ஊரைக் கூட்டின. அயல் வீட்டார் முறைப்பாடு செய்யப்போகிறார்களே என்று ஈரத் தலையோடு நான் ஓடிவந்து பார்த்தால், என் மனிதர் பிஜாமாவோடு, ஒரு கையை இடுப்பில் ஊன்றியபடி கூட்டுக் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

அன்று முதல் ஏழு மணி என்றால் ஏழு மணிதான். எழும்புவார், செருப்பைக் காலால் தேடிப் போடுவார், பின்கதவைத் திறப்பார். "பா, பா, பா" என்று அவர் கூப்பிடும் சத்தம் குசினி வரைக்கும் கேட்கும். என்னோடு ஒரு நாளைக்குப் பத்துச் சொல் கதைக்காதவர் அதுகளோடு பத்து நிமிடம் கதைப்பார். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனாலும் கோழிகளைக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

குளிர்காலம் வரும் முன்னரே அவர் கூட்டைத் திருத்தத் தொடங்கிவிட்டார். குனிய முடியாது, பாரம் தூக்க முடியாது. ஒரு ஆணி அடித்துவிட்டு அரைமணி நேரம் கதிரையில் இருப்பார். கூட்டுக்கு முன்னால் சேறாகிற இடத்தில் மரச்சில்லு கொட்டினார். தீன் பாத்திரத்தைத் தகரக் கூரைக்குக் கீழே தூக்கிக் கட்டினார். கோழிகள் ஏறி உறங்குகிற தடி உருண்டையாக இருந்தது. அதைக் கழற்றிவிட்டுத் தட்டையான பலகையொன்று பூட்டினார். ஏன் என்று கேட்டேன். "தட்டையா இருந்தால்தான் விரலை நீட்டி, வயித்து இறகால காலை மூடிக்கொண்டு இருக்கும்" என்றார். அந்த ஒரு வருடத்தில் அவர் என்னோடு கதைத்த மிக நீளமான வசனம் அதுதான் என்று நினைக்கிறேன். பிறகு கூரைக்குக் கீழே, இரண்டு பக்கமும், நாலு விரல் அகலத்துக்குச் சுவர்ப் பலகையை அறுத்தெடுத்துக் கம்பிவலை அடித்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. மழைக்காலம் வருகிற நேரத்தில் யாராவது வீட்டில் ஓட்டை போடுவார்களா? ஆனால் ஒரு வருடமாய்ச் சுவரைப் பார்த்திருந்த மனிதர் கையில் மரம் அறுக்கும் வாளை எடுத்திருக்கிறார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

இங்கே நடுக்குளிரான ஜூலை மாதம் சத்திரசிகிச்சைக்குத் திகதி வந்தது. இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்றார்கள். காயத்தில் கிருமி பிடித்து, பன்னிரண்டு நாள் இருக்கவேண்டி வந்தது.

அவர் போன அன்றைக்கே மழை தொடங்கியது. ஒக்லாந்து மழைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, நேராக விழாது. காற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் வந்து காதுக்குள் அடிக்கும். குசினி ஜன்னலால் கூட்டைப் பார்த்தேன். கூரைக்குக் கீழே அந்த ஓட்டைகள். "காத்தைப் பாத்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாரே. காற்று உள்ளே போகாமல் பார்த்துக்கொள் என்றுதானே அர்த்தம்? வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? காதை மூடு, தலைக்குத் துணி கட்டு, பனிக்குள்ளே நிற்காதே, கூதல் காத்துப் படவிடாதே என்று கேட்டே வளர்ந்தவள் நான். என் மகளையும் அப்படிச் சொல்லியே வளர்த்தேன். அவள் இப்போது வெலிங்டனில், நடுக்குளிரில், கைநீளம் இல்லாத சட்டையோடு படம் எடுத்து அனுப்புகிறாள்.

கராஜுக்குள் நீல நிறத் தறப்பாள் ஒன்று கிடந்தது. தறப்பாள் கட்டுவதற்கு எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஊரில் சண்டைக்குள் இடம்பெயர்ந்த காலத்தில் இரண்டு மாரிகாலம் அதற்குக் கீழே படுத்தவள். ஓரத்து ஓட்டை கிழிந்திருந்தால் மூலைக்குள் ஒரு சின்னக் கல்லை வைத்து, மடித்து, கல்லின் கழுத்தில் கயிற்றைச் சுருக்குப் போட்டு இழுக்க வேண்டும். பிறகு புயல் வந்தாலும் அசையாது. அப்படியே கட்டினேன். கூரையின் மேலாகப் போட்டு, இரண்டு பக்கமும் நிலம்வரைக்கும் இறக்கி, அடியில் செங்கல் வைத்தேன். கை மறக்கவில்லை என்று ஒரு பெருமை வேறு. நனைந்துகொண்டே தள்ளி நின்று, நல்ல வேலை என்று எனக்கு நானே சொன்னேன்.

ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்து அவருடைய அழைப்பு வரும்.

"திறந்திட்டீரோ?"

"திறந்தாச்சு."

"இண்டைக்கு எத்தினை முட்டை?"

முதல் நாள் ஒன்று. உண்மையையே சொன்னேன். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் அவருக்குக் காய்ச்சல். குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. வேலைக்குப் போகும் வழியில் போய்ப் பார்த்தேன். கட்டிலில், வீட்டில் படுத்ததுபோலவே, முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துப் படுத்திருந்தார். எழும்பி நடக்கவேண்டும், நடந்தால்தான் முதுகு தேறும் என்று தாதி சொன்னார், இவர் மாட்டேன் என்கிறாராம். மறுநாள் காலை "எத்தினை முட்டை?" என்று கேட்டபோது, "மூண்டு" என்றேன். "மூண்டோ?" என்று திருப்பிக் கேட்டார். பிறகு, "நல்லது" என்றார்.

அதன்பிறகு தினமும் மூன்றுதான்.

நான் மூன்று முட்டை சொல்லிக்கொண்டிருந்த அந்த நாட்களில் கோழிகள் தும்மத் தொடங்கியிருந்தன. கோழி தும்முவதை அதற்குமுன் நான் கேட்டதில்லை. ஒன்றுக்குக் கண் மூலையில் நுரை நின்றது. இன்னொன்று வாயைத் திறந்து மூச்சு விட்டது. தடிமன் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். தடிமன் என்றால் என்ன செய்வோம்? இன்னும் இழுத்துப் போர்த்துவோம். அவருடைய பழைய கம்பளியை இரண்டாகக் கிழித்து, தறப்பாளுக்கு உள்ளே, அந்தக் கம்பிவலை ஓட்டைகள் இரண்டிலும் அடைத்தேன். மாலையில் சுடுதண்ணீர்ப் போத்தல் ஒன்றைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தேன். சுடுசோற்றில் மிளகு போட்டுக்கூடக் கொடுத்தேன். முதியோர் இல்லத்தில் எத்தனை பேரைப் பராமரிக்கிறேன், நாலு கோழியைப் பார்க்க மாட்டேனா?

ஏழாம் நாள் காலை கதவைத் திறந்தேன். கண் எரிந்தது. எச்சத்தின் காரம் மூக்கில் ஏறி, இருமல் வந்தது. மூக்குக்கண்ணாடி ஒரே நொடியில் நீராவி படிந்து புகாரேறிவிட்டது. துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கூரையின் உட்புறம் முழுக்க நீர்த்துளி. சுவர்ப் பலகை ஈரம். கீழே போட்டிருந்த மரச்சீவல் கஞ்சியாகக் கிடந்தது. வெளியே ஒரு வாரம் பெய்த மழையில் ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை, ஆனாலும் உள்ளே எல்லாம் நனைந்திருந்தது. அந்தத் தட்டைப் பலகைக்குக் கீழே ஒரு கோழி ஒருக்களித்துக் கிடந்தது. தொட்டுப் பார்த்தேன். விறைத்திருந்தது.

அப்போது போன் அடித்தது. ஏழு மணி.

"திறந்திட்டீரோ?"

"திறந்தாச்சு."

"எத்தினை?"

செத்த கோழி என் கையில். "மூண்டு" என்றேன்.

"நேற்று அந்தத் தாழ்வாரத்தில கடைசி ஜன்னல் வரைக்கும் நடந்தனான்" என்றார். "இண்டைக்கு ரெண்டு தரம் நடக்கச் சொல்லியிருக்கினம்."

"நடவுங்கோ" என்றேன். போனை வைத்துவிட்டு ஈரப்புல்லில் குந்தியிருந்து அழுதேன். பின்வளவில் நின்ற ஃபீஜோவாப் பழமரத்துக்குக் கீழே குழி தோண்டினேன். மண்வெட்டியில் சேறு ஒட்டி ஒட்டி, அந்தச் சின்னக் குழிக்கு ஒரு மணி நேரம் எடுத்தது.

மூச்சிழுத்த கோழியைப் பெட்டியில் போட்டுக்கொண்டு ஹென்டர்சனில் கோழித்தீன் விற்கும் கடைக்கு ஓடினேன். அங்கே நின்ற பெண்பிள்ளை பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். கூட்டைப் பற்றிக் கேட்டாள். நான் என் சாமர்த்தியத்தை எல்லாம் விரிவாகச் சொன்னேன். தறப்பாள், கம்பளி, சுடுதண்ணீர்ப் போத்தல். அவளுடைய முகம் போன போக்கிலேயே எனக்கு விளங்கத் தொடங்கிவிட்டது. கோழிக்குக் குளிர் தாங்கும், ஈரம்தான் தாங்காது என்றாள். அதன் மூச்சிலும் எச்சத்திலும் இருந்து வரும் ஈரம் மேலால் வெளியே போக வழி வேண்டுமாம். உறங்குகிற உயரத்தில் உடம்பில் அடிக்கிற காற்று டிராஃப்ட், அது கூடாது. தலைக்கு மேலே போய்வருகிற காற்று வென்டிலேஷன், அது இல்லாவிட்டால் செத்துவிடும். இரண்டும் வேறு வேறு என்று இரண்டு கையாலும் காட்டினாள்.

கடை வாசலில் கோழிப் பெட்டியோடு நின்றேன். இங்கிலீசில் அவர்களுக்கு இரண்டு சொல் இருக்கிறது. எங்களுக்கு இரண்டும் காத்துத்தான். காத்தைப் பாத்துக்கொள்ளும் என்றால், காற்று போய்வரப் பார்த்துக்கொள்ளும் என்று அந்த மனிதர் சொல்லியிருக்கிறார். அதற்காகத்தான் முதுகு நோக நோக இருந்து அந்தப் பலகையை அறுத்திருக்கிறார். நான் அவருடைய கம்பளியாலேயே அதை அடைத்தேன்.

வீட்டுக்கு வந்து தறப்பாளை அறுத்து எறிந்தேன். அவிழ்க்கவில்லை, அறுத்தேன். கம்பளியை இழுத்து எடுத்தேன். சீவலை அள்ளிக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட்டேன். மிருக வைத்தியர் தண்ணீரில் கலக்க மருந்து தந்தார். இரண்டு கோழிகள் மெல்லத் தேறின. மூச்சிழுத்தது அப்படியே இருந்தது.

மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "அம்மா, யூ ஹாவ் டு டெல் ஹிம்" என்றாள். சொல்லத்தான் வேண்டும். அவளுக்கென்ன, வெலிங்டனில் இருந்து சொல்வாள். தினமும் ஏழு மணிக்கு அந்தக் குரலைக் கேட்பது நான். தாழ்வாரத்தில் இரண்டு தரம், பிறகு நாலு தரம், பிறகு படியில் ஏறி இறங்கினேன் என்று சொல்கிற குரல் அது. அதைக் கேட்டுக்கொண்டு, கோழி ஒன்று என் கையால் செத்தது என்று எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். எனக்குத் தைரியம் இல்லை, அதுதான் உண்மை.

வந்தார். காரால் இறங்கி வீட்டுக்குள் போகவில்லை. ஊன்றுகோலோடு நேரே பின்வளவுக்குப் போனார். "பா, பா" என்றார். இரண்டு ஓடிவந்தன. ஒன்று கூட்டு வாசலில் வாயைத் திறந்தபடி நின்றது.

"மற்றது எங்கை?"

சொன்னேன். நின்ற நிலையில், ஒன்றும் விடாமல். வேலி ஓரத்தில் கிடந்த தறப்பாளைப் பார்த்தார். கயிற்றுத் துண்டோடு அந்தக் கல் இன்னும் அதன் மூலையில் இருந்தது.

"நான் காத்தைப் பாத்துக்கொள்ளும் எண்டெல்லோ சொன்னனான்."

"பாத்தனான்தானே. ஒரு பொட்டுக் காத்து உள்ள போக விடேல்லை" என்றேன். விளக்கம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தபோது அது நக்கலாக ஒலித்தது. என் வாயை நானே வெறுத்தேன்.

அவர் உள்ளே போய்ப் படுத்தார். சுவரைப் பார்த்துப் படுத்தார்.

மறுநாள் ஏழு மணிக்கு அவர் எழும்பவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நான் போய்த் திறந்தேன். அதுகள் என்னைப் பார்த்துவிட்டு, என் பின்னால் கதவைப் பார்த்தன. நடக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த தாள் மேசையில் கிடந்தது. சாப்பாட்டைக் கட்டிலுக்குக் கொண்டுபோனேன். பாதி திரும்பி வந்தது. படுக்கையறை ஜன்னல் கண்ணாடியில் வடியும் நீரை ஒவ்வொரு காலையும் துவாயால் துடைத்தேன். நாலு நாள். ஏசக்கூட இல்லை. ஏசியிருந்தால் நான் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன், கொஞ்சம் மூச்சு விட்டிருக்கும் வீடு.

ஐந்தாம் நாள் காலை மழை பலமாக இருந்தது. அந்த நோயாளிக் கோழி பலகையில் ஏற மாட்டாமல் கீழே குந்தியிருந்தது. ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து, உடுப்புக் கழுவுகிற அறைக்குக் கொண்டுவந்தேன். அது படுக்கையறைக்கு அடுத்த அறை. கதவு திறந்திருந்தது. கோழி மூச்சு விடுகிற அந்தக் கறகற சத்தம் சின்ன வீட்டுக்குள் நன்றாகக் கேட்டது.

"என்ன சத்தம் அது?"

நாலு நாளுக்குப் பிறகு வந்த முதல் சொல். பெட்டியோடு கதவடியில் போய் நின்றேன்.

"ஏலாத கோழி. வெளியில வைக்க மனம் வரேல்லை."

அவர் திரும்பவில்லை.

"மூண்டு முட்டை எண்டு ஏன் சொன்னீர்?"

"நீங்கள் நடக்கோணும் எண்டுதான்."

"ஜூலை மாசத்தில, இந்தக் குளிருக்குள்ள, இந்த நாலு கிழவியளும் நாளுக்கு மூண்டு முட்டை போடுறதோ?" என்றார். "நீர் மூண்டு எண்ட முதல் நாளே எனக்குத் தெரியும், பொய் எண்டு. என்னைச் சந்தோசப்படுத்தச் சொல்லுறீர் எண்டு நினைச்சன். எனக்காக ஒரு ஆள் காலங்காத்தால பொய் சொல்லுது எண்டு நினைச்சுத்தான் எழும்பி நடந்தனான். ஒண்டு செத்துக்கிடக்குது எண்டு நான் நினைக்கேல்லை."

நான் பெட்டியை நிலத்தில் வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் இருந்தேன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்று சொன்னேன். கல்யாணம் கட்டிய இருபத்தாறு வருடத்தில் அந்தச் சொல்லை அவருக்கு நான் சொன்னதில்லை. அவரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்லி முடிக்க முன்னரே அழுகை வந்துவிட்டது. பெட்டிக்குள் கோழி ஒருமுறை தும்மியது.

சுவர்க் கடிகாரம் ஏழு ஐந்தைக் காட்டியது.

"இண்டைக்கு எத்தினை முட்டை?" என்று கேட்டார்.

மூக்கைத் துடைத்தேன். "ஒண்டும் இல்லை" என்றேன்.

"ஓம்" என்றார். பிறகு இரண்டு கையையும் மெத்தையில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு என் பக்கம் புரண்டார். ஒரு காலைக் கீழே இறக்கி, தரையில் தடவித் தடவிச் செருப்பைத் தேடினார்.